ஸ்ரான்லி விட்ட மாற்றாள்

இத்தாலியின் பலெர்மோ நகரில் ஸ்ரான்லி பொறாமைப்படாத தமிழர் என்று ஒருவரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் கார் விடுகிற இடத்தில் நிழல் விழுகிறது, தன் இடத்தில் வெயில் கொளுத்துகிறது என்பதில் தொடங்கி, லண்டனில் இருக்கிற மச்சானுக்கு இந்த வயதிலும் தலைமுடி கொட்டவில்லை என்பது வரைக்கும் அவருக்கு வயிறு எரியும். அதற்காகக் கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. செத்த வீடென்றால் முதல் ஆளாகப் போய் நிற்பார். ஆஸ்பத்திரியில் யாராவது படுத்தால் சூப் வைத்துக்கொண்டு ஓடுவார். ஆட்கள் கஷ்டப்படும்போது அவரைப் போல ஒருவரைப் பார்க்க முடியாது. நன்றாக இருந்தால்தான் அவருக்குத் தாங்காது.

அவருடைய பொறாமைகளுக்குள் ஆகப் பெரியது, இங்கிலாந்துக்குப் புதிதாக வந்து சேர்கிற உதைபந்தாட்டக்காரர்கள் மேல் அவர் வைத்திருந்தது. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் தார்ன்பி என்று ஒரு துறைமுக ஊர். அந்த ஊர் உதைபந்தாட்டக் கழகத்துக்கு ஸ்ரான்லி பரம ரசிகர். ஒவ்வொரு கோடைக்கும் கழகம் எங்கிருந்தோ நாலு பேரை வாங்கிக்கொண்டு வரும். அவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எடுத்துக் கொடுப்பார்கள், மைதானத்தில் பக்கத்திலேயே ஒரு மொழிபெயர்ப்பாளரை நிற்க வைப்பார்கள். வந்தவன் முதல் ஆறு ஆட்டத்தில் பந்தைத் தொடாவிட்டாலும் பயிற்சியாளர் பத்திரிகைக்காரர் முன்னால் இருந்து, புது நாடு, புது மொழி, அவனுக்குக் கொஞ்சம் காலம் கொடுங்கள் என்பார். கைத்தொலைபேசியில் அதை வாசித்தவுடன் ஸ்ரான்லிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"எனக்கு ஆர் ரைம் தந்தவன்?" என்று பல்லரோ சந்தையில் யாக்கோபுவின் கடைக்குள் கருவாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்பார். "வந்து இறங்கின மற்ற நாளே சியாகுல்லியிலை மந்தரின் தோடம்பழத் தோட்டத்துக்கை நிண்டனான். தோட்டக்காரன் தூரத்திலை நிண்டு கத்துறான். முன்னுக்குப் போகச் சொல்லுறானோ பின்னுக்கு வரச் சொல்லுறானோ தெரியாமல் மரத்தைச் சுத்திச் சுத்தி ஓடினனான். மொழிபெயர்க்க ஒருத்தன் வந்தவனே? சோறு ஆக்கித்தர ஒருத்தன் வந்தவனே?"

"அவங்கள் கோல் அடிக்கிறாங்கள் அண்ணை" என்பான் யாக்கோபு, கடைச் சாமானை அடுக்கியபடி.

"நானும் பெட்டி பெட்டியாப் புடுங்கினனான்!"

ஆகவே புதிதாக வருகிறவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் ஸ்ரான்லியின் தீர்ப்பு ஒன்றுதான். இவன் செற் ஆகமாட்டான். குளிர் தாங்கமாட்டான், மழையைக் கண்டதும் பெண்சாதி ஊருக்குப் போவம் என்று அழுவாள், அங்கத்தைய சாப்பாடு இறங்காது. பெரும்பாலும் அப்படியே நடந்துவிடும், தார்ன்பி அப்படியொரு கழகம். அருமையாக எவனாவது நிலைத்துவிட்டால் ஸ்ரான்லி ஒரு கிழமைக்கு யாக்கோபுவின் கடைப் பக்கம் போகமாட்டார். கழகம் வெல்லவேண்டும், ஆனால் பழைய ஆட்களை வைத்துக்கொண்டே வெல்லவேண்டும் என்பது அவர் ஆசை.

முல்லைத்தீவில் பிறந்து, சண்டை முடிந்த பிறகு இத்தாலிக்கு வந்த மனிதருக்குத் தார்ன்பி எங்கிருந்து ஒட்டியது என்று கேட்டால், இஞ்சினியேரேயிடமிருந்து. தோட்ட வேலை, பிறகு உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை என்று அலைந்து, கடைசியில் லிபெர்த்தா பகுதியில் ஒரு பெரிய வீட்டில் வயதானவரைப் பார்க்கும் வேலைக்கு ஸ்ரான்லி வந்து சேர்ந்தார். அந்த வயதானவர் கப்பல் கட்டுகிற எந்திரவியலாளர். அதனால் ஊரே அவரை இஞ்சினியேரே என்றுதான் அழைத்தது. பாரிசவாதம் வந்து ஒரு பக்கத்துக் கையும் காலும் விழுந்துபோயிருந்தன. இளம் வயதில் தார்ன்பியில் கப்பல் தளத்தில் வேலை செய்திருக்கிறார். அங்கே பிடித்த பைத்தியம். சனிக்கிழமை பின்னேரம் தொலைக்காட்சியில் தார்ன்பி விளையாடும்போது அவருடைய சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலி போடப்படும். அது ஸ்ரான்லியின் இடம்.

முதலில் ஸ்ரான்லி சும்மாதான் பார்த்தார். பிறகு வாசிக்கத் தொடங்கினார். பிறகு கழகத்தின் இரண்டாம் அணியில் இருக்கிறவன் பெயர், அவனுடைய முழங்கால் நோவு எல்லாம் அவருக்கு அத்துப்படியாகிவிட்டது. இஞ்சினியேரே, "நான் அங்கே இருந்த காலத்தில்..." என்று வாயைத் திறப்பார். "இப்ப அப்பிடி இல்லை இஞ்சினியேரே" என்று ஸ்ரான்லி இத்தாலியனில் அடித்துச் சொல்லி, இப்போது பந்து எப்படிப் போகிறது, யார் எங்கே நிற்கவேண்டும் என்று விளக்குவார். கிழவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். வேலையில் ஸ்ரான்லிக்குப் பெருமை என்றால் அந்தச் சனிக்கிழமைதான். "அந்த மனுசனுக்கு எல்லாம் நான்தான் விளங்கப்படுத்துறது" என்று மனைவி புனிதமலரிடம் சொல்லாத கிழமை இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் குடலிறக்கம் வந்தது. வெட்டித் தைக்கவேண்டும், தைத்த பிறகு தான் சொல்லும் வரைக்கும் பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இஞ்சினியேரே நல்ல பாரம். ஆகவே மாற்றாள் ஒருவரை விடவேண்டும்.

இந்த மாற்றாள் விஷயத்தில் பலெர்மோத் தமிழருக்குள் ஒரு முறை இருக்கிறது. ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை, எல்லாரும் கடைப்பிடிப்பார்கள். நீ ஊருக்குப் போனாலும் நோயில் படுத்தாலும், உன் எசமானி சிஞோரா வீட்டுக்கு நீயேதான் ஆள் பிடித்து விடவேண்டும். விடுகிற ஆள் உன்னைவிட ஒரு படி கீழே இருக்கவேண்டும். மிகவும் மோசமானவனை விட்டால் உன் பெயர் கெடும். கெட்டிக்காரனை விட்டால் நீ திரும்பி வரும்போது உன் இடம் இருக்காது. சிஞோரா, ஐயோ ஸ்ரான்லி எப்போது வருவான் என்று பெருமூச்சு விடுகிற அளவுக்குத்தான் அவன் வேலை செய்யவேண்டும். இதற்கு அளவான ஆளைத் தேடிப் பிடிப்பது கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்ப்பதைவிடக் கஷ்டம்.

ஸ்ரான்லி பார்த்துப் பார்த்துப் பிடித்தது வசீகரனை. நாற்பதைத் தாண்டியவன், கிளிநொச்சிப் பக்கம், வந்து அதிக காலம் ஆகவில்லை. அதனால் வயது கிட்டமுட்ட ஒன்றாக இருந்தாலும் ஸ்ரான்லிக்கு அவன் தம்பி. தெரிந்த இத்தாலியன் காலை வணக்கமும் சரி என்பதும் மட்டும். கிரிக்கெட் பைத்தியம். இருபத்திரண்டு பேர் ஒரு பந்துக்குப் பின்னால் ஓடுவதில் என்ன இருக்கிறது என்று யாக்கோபுவின் கடையில் ஒருநாள் கேட்டிருந்தான். அப்போது ஸ்ரான்லிக்கு வந்த கோபம் இப்போது சந்தோஷமாக மாறியது. அளவெடுத்துத் தைத்த மாதிரி ஆள்.

"பாவம், நல்ல பொடியன்" என்றாள் புனிதமலர்.

"நல்லவனா இருந்தால் இருந்திட்டுப் போகட்டும். அளவா இருக்கோணும், அவ்வளவுதான். நீர் சும்மா இரும்."

வேலையைப் பழக்கும்போது ஸ்ரான்லி கள்ளம் செய்யவில்லை. எப்படித் தூக்குவது, எப்படிக் குளிக்க வார்ப்பது, எந்தக் குளிசை எப்போது, வெறும் வயிற்றில் எதைக் கொடுக்கக்கூடாது, எல்லாம் சரியாகச் சொல்லிக்கொடுத்தார். அது கிழவரின் உடம்பு விஷயம். சனிக்கிழமை விஷயத்தில் மட்டும் கை நீண்டுவிட்டது.

"தம்பி, மாட்ச் நடக்கேக்கை ஊமை மாதிரி இருக்காதை. அவருக்குப் பிடிக்காது. கேள்வி கேள். பந்து ஏன் வெளியிலை போச்சு, அவன் ஏன் விழுந்தவன், எல்லாத்தையும் கேள்."

"ஓம் அண்ணை" என்றான் வசீகரன், நன்றியோடு.

ஆட்டத்தின் நடுவில் ஓவ்சைட் என்றால் என்னவென்று கேட்ட சொந்த மருமகனை இஞ்சினியேரே அறைக்கு வெளியே அனுப்பியதை ஸ்ரான்லி கண்ணால் கண்டவர்.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. பல்லரோ சந்தையின் கூச்சல் ஏறிவருகிற தன் வீட்டில், ஸ்ரான்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். முதலாவது சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் இஞ்சினியேரேயின் மகள் சிஞோரா எமிலியானா அழைத்து, எங்கே பிடித்தாய் இந்த ஆளை என்று கேட்பாள் என எதிர்பார்த்திருந்தார். அழைப்பு வரவில்லை. பொறுக்கமுடியாமல் அவரே வசீகரனுக்கு எடுத்தார்.

"என்ன மாதிரிப் போச்சு?"

"நல்லம் அண்ணை. நீங்கள் சொன்ன மாதிரியே கேட்டனான்."

"ஏசினவரே?"

"முதல் ஒருக்கா ஏசினவர். பிறகு மேசையிலை உப்புப் போத்தலையும் மிளகுப் போத்தலையும் வைச்சு விளங்கப்படுத்தினவர். சாப்பாடு வரும்வரைக்கும் விளங்கப்படுத்திக்கொண்டே இருந்தவர்."

"உனக்கு இத்தாலியன் விளங்கினதோ?"

"எங்கை! கையாலை காட்டுவார். அடுத்த கிழமையும் சொல்லித்தாறன் எண்டவர்."

ஸ்ரான்லிக்குத் தையல் போட்ட இடம் சுண்டி இழுத்தது. பரவாயில்லை, ஒரு கிழமை புதினம், அடுத்த கிழமை கிழவருக்கு அலுத்துவிடும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

அலுக்கவில்லை. அந்தக் கோடையில் தார்ன்பி பிரேசிலிலிருந்து ஒருவனை முன்வரிசைக்கு வாங்கியிருந்தது. வந்த நாளிலிருந்து அவன் பந்துக்கு முன்னால் ஓடினான், பந்துக்குப் பின்னால் ஓடினான், பந்தோடு மட்டும் ஓடவில்லை. வயிற்றுக்குத் தலையணையை அணைத்துக்கொண்டு ஸ்ரான்லி சிரித்தார். உடனே வசீகரனுக்கு எடுத்து, "பாத்தியே பிரேசில்காரனை? செற் ஆகமாட்டான். எழுதி வைச்சுக்கொள்" என்றார்.

"இல்லை அண்ணை, இவன் வருவான் எண்டு ஐயா சொல்லுறார். எங்கடை ரீமிலை பந்தை அவன்ரை காலுக்குக் குடுக்கிறாங்கள் இல்லையாம், உப்புப் போத்தலை வைச்சுக் காட்டினவர்."

எங்கடை ரீம்! நேற்றுவரைக்கும் கோல் எது, மூலை உதை எது என்று தெரியாதவன். ஸ்ரான்லி தொலைபேசியை வைத்துவிட்டார். அடுத்தடுத்த கிழமைகளில் பிரேசில்காரன் விழும்போதெல்லாம் அவருக்கு மனம் குளிர்ந்தது. ஆனால் அந்தக் குளிர்ச்சி வசீகரனுக்கு ஒரு அழைப்பு எடுக்கும் வரைக்கும்தான்.

கொஞ்சம் நடக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் அவர் நடந்த முதல் நீண்ட நடை லிபெர்த்தாவுக்கு. காலையில் இஞ்சினியேரேயை ஜார்தீனோ இங்லேசே பூங்காவுக்குத் தள்ளிக்கொண்டு போவது வழக்கம். பூங்கா வாசலில் ஒரு மரத்துக்கு இந்தப்பக்கம் நின்று எட்டிப் பார்த்தார். வசீகரன் நாற்காலியைத் தள்ளவில்லை. மர வாங்கில் முன்னுக்குக் குனிந்து உட்கார்ந்திருந்தான். கிழவர் கதைத்துக்கொண்டிருந்தார். வேலை செய்கிற ஒரே கையால் எதையோ உயரமாகக் காட்டினார், பிறகு சரித்தார், பிறகு தானே சிரித்தார். வசீகரன், "என்ன? என்ன?" என்று இத்தாலியனில் கேட்பது வாசல்வரை கேட்டது. கிழவர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

இத்தனை வருசத்தில் அந்த மனிதர் இவ்வளவு கதைத்து ஸ்ரான்லி பார்த்ததில்லை. போய் வணக்கம் சொல்லியிருக்கலாம். திரும்பி நடந்தார். நெஞ்சுக்குள் மிளகாய்த்தூள் கொட்டின மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து, சந்தைக்குப் போனேன் என்று புனிதமலருக்குப் பொய் சொன்னார். கையில் ஒரு வெங்காயம் கூட இல்லாததை அவள் பார்த்தாள், கேட்கவில்லை.

டாக்டர் பாரம் தூக்கலாம் என்று சொன்னபோது ஸ்ரான்லிக்கு உயிர் வந்தது. திங்கட்கிழமை நேரத்தோடே போய் நின்றார். வேலை போய்விடவில்லை. வசீகரன் சாவியைக் கையில் கொடுத்து, கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் போனான். இஞ்சினியேரே, "ஸ்ரான்லி! படுத்துப் படுத்துக் கொழுத்துவிட்டாய்!" என்று நல்ல கையால் அவர் கன்னத்தைத் தட்டினார். அளவெடுத்துப் பிடித்த ஆள் அளவோடு போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டே ஸ்ரான்லி கோப்பி போட்டார்.

அப்போது எமிலியானா குசினிக்குள் வந்தாள்.

"ஸ்ரான்லி, உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. இனிச் சனிக்கிழமைகளில் நீங்கள் வரவேண்டாம். உங்கள் சம்பளம் அப்படியே இருக்கும். இத்தனை வருசம் ஒரு சனிக்கிழமை கூட மனைவியோடு இருக்கவில்லையே நீங்கள்."

"எனக்குக் கஷ்டம் இல்லை சிஞோரா."

"அது தெரியும். அப்பாதான் கேட்டார். சனிக்கிழமைக்கு வசீகரன் வரட்டும் என்கிறார்." அவள் குரலைத் தாழ்த்தி, சந்தோஷத்தோடு சொன்னாள். "அப்பா கதைக்கிறார், ஸ்ரான்லி! தார்ன்பியில் அவர் இருந்த வீடு, அங்கத்தைய மழை, கப்பல் தளத்தில் அவரோடு வேலை செய்தவர்கள். மகள் எனக்கே தெரியாத கதைகள். இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். யாரிடம் சொல்வது, ஸ்ரான்லிக்குத்தான் எல்லாம் தெரியுமே என்றார்."

அவள் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னாள். ஸ்ரான்லி நன்றி சொன்னார். வேறென்ன சொல்வது? வேலையைப் பறித்திருந்தால் சண்டை பிடிக்கலாம், ஆட்களிடம் சொல்லி அழலாம். ஓய்வு தந்தவர்களோடு எப்படிச் சண்டை பிடிப்பது? கோப்பி பொங்கி அடுப்பில் வழிந்தது. துடைத்தார்.

அந்த முதல் சனிக்கிழமை பின்னேரம் ஸ்ரான்லி தன் வீட்டுக் கட்டிலில் இருந்து கைத்தொலைபேசியில் ஆட்டத்தைப் பார்த்தார். படம் சின்னது. வேறு ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை, லிபெர்த்தாவில் அந்தச் சாய்வு நாற்காலியில் வசீகரன் இருப்பதுதான் தெரிந்தது. தார்ன்பி நன்றாக விளையாடியது. பிரேசில்காரன் இரண்டு பேரை வெட்டிக்கொண்டு போனான். அவன் கோல் அடித்தால் அங்கே கிழவரும் வசீகரனும் கையைத் தட்டுவார்கள், நான் சொன்னேன் பார்த்தாயா என்பார் கிழவர். அந்தக் காட்சி கண்ணில் வந்ததும் ஸ்ரான்லிக்குள் என்னவோ திரும்பியது. அடிக்காதே, அடிக்காதே என்று தன் கழகத்துக்காரனைப் பார்த்து முணுமுணுத்தார். முணுமுணுப்பது தன் வாய்தானா என்று அவருக்கே சந்தேகம்.

பெனால்ரி கிடைத்தது. பிரேசில்காரன் வானத்துக்கு அடித்தான். எதிரணி திரும்பி வந்து ஒன்று போட்டது, பிறகு இன்னொன்று. தார்ன்பி தோற்றது. ஸ்ரான்லி தொடையில் தட்டிச் சிரித்தார்.

குசினியிலிருந்து புனிதமலர் எட்டிப் பார்த்தாள். "உங்கடை ரீம் தோத்துப்போச்செல்லே?"

"ஓம்."

"பிறகென்ன சிரிப்பு?"

தொலைபேசி அடித்தது. வசீகரன்.

"அண்ணை, ஐயா சாப்பிடுறார் இல்லை. தோத்த நேரத்திலையிருந்து சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறார். இரவுக் குளிசை குடுக்கோணும், வெறும் வயித்திலை குடுக்கேலாது எண்டு சொன்னனீங்கள். சிஞோராவும் இல்லை, த்ராபனிக்குப் போட்டா. தோத்தால் நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?"

என்ன செய்வதென்று ஸ்ரான்லிக்குத் தெரியும். தொலைக்காட்சியை நிறுத்திவிட வேண்டும். ஆட்டத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது. சூடான பாலுக்குள் பாண் துண்டைப் பிய்த்துப் போட்டுச் சீனி தூவிக் கோப்பையைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கதவு நிலைக்கு வெளியே நின்றால், கொஞ்ச நேரத்தில் கரண்டிச் சத்தம் கேட்கும். உலகத்தில் இது தெரிந்த ஒரே ஆள் ஸ்ரான்லி.

"எனக்கெண்டால் தெரியாது" என்றார். "சனிக்கிழமை ஆள் நீதானே. பாத்துச் செய்." தொலைபேசியை வைத்துவிட்டார்.

புனிதமலர் புட்டும் மீன்குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். "தோத்த நாளிலை அந்த மனுசனுக்குப் பாலும் பாணும் எண்டு எனக்கே தெரியும். அவனுக்குச் சொன்னால் என்ன குறைஞ்சு போவியள்?"

ஸ்ரான்லி புட்டைப் பிசைந்தார். வாய்வரைக்கும் கொண்டுபோனதைத் திரும்பத் தட்டிலேயே போட்டார். கையைக் கழுவிவிட்டு வந்து வசீகரனுக்கு எடுத்தார்.

"தம்பி, பாலைச் சூடாக்கி..."

"சாப்பிட்டிட்டார் அண்ணை" என்றான் வசீகரன்.

"என்ன குடுத்தனி?"

"ஒண்டும் புதிசாச் செய்யேல்லை. எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. நானும் சாப்பிடாமல் பக்கத்திலை இருந்தனான். உனக்குப் பசிக்கேல்லையோ எண்டு கேட்டார். பசிக்குது எண்டன். அப்ப வா சாப்பிடுவம் எண்டிட்டு, ரெண்டு பேரும் சாப்பிட்டனாங்கள். குளிசையும் போட்டிட்டார். நீங்கள் என்னவோ சொல்ல வந்தனீங்கள், பால் எண்டு?"

"ஒண்டுமில்லை. சும்மா."

தொலைபேசியை வைத்த பிறகும் ஸ்ரான்லி அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருசமும் அந்தக் கிழவரை அவர் ஒருநாளும் பசியோடு படுக்க விட்டதில்லை. அது அவருடைய கணக்கில் இருந்த ஒரே சுத்தமான பெருமை, அதற்குத் தார்ன்பியும் வேண்டாம், சாய்வு நாற்காலியும் வேண்டாம். இன்றைக்குப் பசியோடு படுக்கட்டும் என்று விட்டுவிட்டார். திரும்ப எடுத்தபோது அவருக்கு முன்னாலேயே வசீகரன் கிழவரைச் சாப்பிட வைத்திருந்தான்.

"மலர்" என்றார். "எனக்கு அவனிலை பொறாமையா இருக்கு."

"தெரியும்" என்றாள் அவள். "எனக்கு மட்டுமே? யாக்கோபுவின்ரை கடையிலை எல்லாருக்கும் தெரியும்."

"அது இல்லையப்பா. அந்த மனுசனைப் பட்டினி போடுற அளவுக்கு இருக்கு."

புனிதமலர் ஆறிப்போன புட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். சூடாக்கித் தரட்டோ என்று அங்கிருந்து கேட்டாள். வேண்டாம் என்றார். அன்று அந்த இரண்டு வீட்டிலும் சாப்பிடாமல் படுத்தது ஸ்ரான்லி ஒருவர்தான்.